கர்த்தர் பாத்தி

என் வயதுக்காரர்களே, நீங்கள் முட்டிவலித் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில், நான் இன்னும் பெருமாள்மலையில் பூண்டு மூட்டையை ஒரு கையால் சாய்த்துப் பார்த்தே எடை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தராசு அப்புறம் வந்து நான் சொன்னதை ஒப்புக்கொள்ளும். அஞ்சாம் வகுப்பு தாண்டாதவள் நான். கையெழுத்துப் போடத் தெரியும், பேப்பரில் விலை பார்க்கத் தெரியும், பேத்தி போனில் அனுப்புகிற படங்களைத் தள்ளிவிடத் தெரியும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிறேன், சுற்றுலா வருகிறவர்கள் தங்க வீடு கட்டி விட்டிருக்கிறேன். நம் கோவிலுக்குப் புதுத் தரை போட்டதில் பாதிக் கல் என்னுடையது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்காக வேறு யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

போன அறுப்பின் பண்டிகையில் நம் போதகர், சின்னப் பையன்தான், உக்கிராணத்துவம் என்று வெகுநேரம் பேசினார். நமக்கென்று எதுவும் கிடையாது, எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளச் சொல்லி நம் கையில் கொடுத்தது, நாம் வெறும் உக்கிராணக்காரர்கள், நன்றியோடு வைத்திருந்து நன்றியோடு கொடுக்க வேண்டும் என்றார். நல்ல பேச்சு. நீங்கள் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். வெளியே வந்ததும், "நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" என்று என்னைக் கேட்டீர்கள். அதற்கு வாயால் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அப்போது மலையில் இன்னும் மேலே, கிளாவரைக்குப் போகிற வழியில் ஒரு மேட்டில் இருந்தது. தகரக் கூரை, மண் சுவர், சுற்றிலும் அடுக்கடுக்காகப் பூண்டுப் பாத்தி. நிலம் எங்களுடையது இல்லை. பெரியகுளத்து ஆளிடம் குத்தகை. அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. ஒரு போகம் விதைக்காமல் நிலம் சும்மா கிடந்தால் அதை அடுத்த ஆளுக்கு விட்டுவிடுவார். அந்தப் பேச்சை ஒத்துக்கொண்டுதான் அப்பா மேலே போயிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் தங்கம், வெள்ளி எல்லாமே அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற விதைப் பூண்டுதான். புகை ஏறி ஏறித் தோல் பழுப்பாகிக் கிடக்கும். கீழே நின்று அண்ணாந்தால் கண் எரியும். எனக்கு இன்றைக்கும் வீடு என்றால் அந்த எரிச்சல்தான்.

அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவ வீடுகள் நாலோ ஐந்தோ. அத்தனை வீட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. விதைக்கும்போதே ஒரு பாத்தியை ஆண்டவருக்கென்று விட்டுவிடுவார்கள். அதில் விளைவது முழுக்க அறுப்பின் பண்டிகைக்குப் போகும். பேர் கர்த்தர் பாத்தி. மற்ற வீட்டுக்காரர்கள் எங்கேயாவது ஓரத்தில், நிழல் விழுகிற இடத்தில் விடுவார்கள். அப்பா மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற மேட்டுப் பாத்தியை விட்டார். தண்ணீர் தங்காத மண். காலை வெயில் முதலில் அங்கேதான் விழும்.

விதைக்கிற அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் அந்த ஈர மண்ணில் முழங்காலிடுவோம். அப்பா தலையில் கட்டியிருக்கிற மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜெபம் பண்ணுவார். அப்புறம் பாட்டு. ராகம் எங்கேயோ போகும், அவர் எங்கேயோ போவார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று கேலி பண்ணுவார்.

"ஏலே, ஒங்க சாமிக்கு மேட்டுப் பாத்தியே வேணுமாக்கும்? எங்க சாமி ஒரு சேவலோட முடிச்சுக்கிரும்."

"சேவல நீங்க வளத்துக் குடுக்கிறீங்கண்ணே. எங்களுக்கு வளக்கிறதே அவருதான்."

"அப்ப களையெடுக்கவும் அவரையே வரச் சொல்லு. ஒம் பொண்டாட்டி முதுகு ஒடியுது பாரு."

அம்மா நிமிர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொள்வாள்.

அப்பா எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவர். மழை நின்றால் ஸ்தோத்திரம், மழை வந்தால் ஸ்தோத்திரம், ஈரத் தீப்பெட்டியில் குச்சி பற்றிக்கொண்டால் ஸ்தோத்திரம். "அடுப்புப் பத்த வச்சது நானு, ஸ்தோத்திரம் அங்கிட்டுப் போகுதா?" என்பாள் அம்மா. ஆனால் அவளும் கொடுக்காதவள் இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு. அரிசியே இல்லாமல் உருளைக்கிழங்கு அவிக்கிற நாளில் ஒரு கிழங்கை எடுத்துக் கலயத்தின் மேல் வைப்பாள். அவள் அதைப் பற்றிப் பாட்டுப் பாடியதில்லை.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. கொட்டுகிற மழை என்றால் ஓடிவிடும். இது நசநசவென்று, பகலெல்லாம் மேகம் வாசலில் படுத்துக் கிடக்கிற மழை. சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அம்மாவும் அப்பாவும் வடிகால் வெட்டினார்கள். வெட்ட வெட்ட மண் சரிந்து மூடியது. ஒரு நாள் வெள்ளனே எழுந்தபோது காட்டில் ஒரு நாற்றம். பூண்டு வாசமும் இல்லை, சாக்கடை நாற்றமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அப்பா ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். தாள் மட்டும் கையோடு வந்தது. அடுத்ததை இழுத்தார். அதுவும் அப்படியே. விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்தார். கூழாக வந்தது.

கீழ்ப் பாத்தி எல்லாம் போய்விட்டது. உத்தரத்திலும் ஒன்றும் இல்லை. இருந்த விதை அத்தனையும் மண்ணுக்குள் போட்டாயிற்றே. மலையில் பாதிப் பேருக்கு அந்தக் கதிதான். விதைப் பூண்டு வைத்திருந்தவர்கள் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

மேட்டுப் பாத்தி மட்டும் நின்றது. தண்ணீர் தங்காத இடம் அல்லவா. ஒவ்வொரு பூண்டும் என் உள்ளங்கை கொள்ளாது. பிடுங்கிக் காயப்போட்டபோது வீடு முழுக்க அந்த வாசம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் பேச்சு வந்தது.

"பாதி குடுப்போம். பாதிய உத்தரத்துல கட்டுவோம்" என்றாள் அம்மா.

"அது நம்மளுது இல்லையே."

"நட்டது நானு. களையெடுத்தது நானு."

"நட்ட அன்னைக்கே அவருக்குன்னு சொல்லி முழங்கால் போட்டோம்ல. நீயும்தான போட்ட?"

"போட்டேன். அன்னைக்குக் கீழ இருவது பாத்தி இருந்துச்சு."

அப்பாவுக்குக் கோபம் வராது. மெதுவாக அவர் வழியைச் சொன்னார். பூண்டு முழுவதையும் கோவிலில் படைத்துவிடுவது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள் அல்லவா, அதில் நாமே எடுத்துக்கொள்வது. கோழி, கேக் என்றால் போட்டி போடுவார்கள். காய்கறி, பூண்டை யார் சீந்துகிறார்கள்? சும்மா விலைக்குப் போகும். ஆண்டவருக்கு முழுசும் கொடுத்த மாதிரி ஆச்சு, விதையும் வீட்டுக்கு வந்தாச்சு.

"அதுக்கு ரூவா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வளர்த்த வெள்ளாடு அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. குளிருக்கு அதை உள்ளே விட்டிருந்தோம். என் பங்கு ரொட்டியைத் தின்று வளர்ந்த ஆடு. மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு போனார். நான் அழுதேன். "வெத வந்துட்டா வேற குட்டி வாங்கலாம்" என்றாள் அம்மா. அவளே அப்படிச் சொன்னதால் நம்பினேன்.

"உபதேசியார்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லி வைங்க. நமக்கு விட்டுக்குடுப்பாங்க" என்றும் அம்மா சொன்னாள்.

"திரும்ப வேணும்னு சொல்லிக்கிட்டுக் குடுத்தா அது படையலா?"

அதோடு பேச்சு முடிந்தது.

பண்டிகை பெருமாள்மலைப் பக்கத்தில் இருந்த பெரிய கோவிலில். மலைச் சபைகள் எல்லாம் அங்கேதான் கூடும். நாங்கள் முட்டைக்கோஸ் லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து போனோம். கோவில் முழுக்க மூங்கில் கட்டி, அதில் காரட், பீன்ஸ், வாழைக்குலை, பேரிக்காய் என்று தொங்கவிட்டிருந்தார்கள். கால் கட்டிய கோழி ஒன்று ஜெபத்துக்கு நடுவில் ஆமென் சொல்கிற மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தது. அப்பாவும் இன்னொருவரும் ஒரு கம்பில் பூண்டுக் கொத்துகளைக் கோத்துத் தோளில் தூக்கி வந்தபோது கோவிலே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் காட்டிலும் அழுகல். இவரிடம் மட்டும் இவ்வளவு.

ஏலம் விடுகிறவர் எங்கள் சபை உபதேசியார். அவருக்கு எங்கள் மேல் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் பேசினார்.

"இந்த வருசம் மலையில பூண்டு இல்ல. இந்தத் தம்பி வீட்டுல மட்டும் ஆண்டவர் குடுத்திருக்காரு. அத ஒண்ணு கொறையாம அவருக்கே கொண்டாந்திருக்காரு. இத சும்மா வெலைக்கு விட்டா நமக்குத்தான் வெக்கம். யாரு கேக்குறது?"

அப்பாதான் முதலில் கேட்டார். அடுத்த குரல் பெருமாள்மலை மண்டிக்காரருடையது. நல்ல சட்டை, கையில் மோதிரம். அந்த வருஷம் அவருடைய ஒரே பையன் காய்ச்சலில் கிடந்து, டாக்டர் கைவிட்ட பிறகு பிழைத்திருந்தான். இந்தப் பண்டிகையில் எது முதல் ஏலத்துக்கு வருகிறதோ அதை என்ன விலையானாலும் எடுக்கிறேன் என்று அவர் பொருத்தனை பண்ணியிருந்தார். முதல் ஏலம் எங்கள் பூண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. நம் கோவில் ஏலத்தில் கொண்டுவந்தவரே ஏலம் கேட்பதும் உண்டு. வாங்குவதற்காக இல்லை. விலையை ஏற்றிவிட்டு, காணிக்கையைப் பெருக்கிவிட்டு, கடைசியில் கையைக் கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு விளையாட்டு, ஒரு சந்தோஷம். அப்பா கேட்கக் கேட்க எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். விதைக்கு எடுத்து வைக்காமல் ஒருத்தன் கொண்டுவருவானா?

"விடாதீங்கண்ணே, முதலாளி மடியில கனமிருக்கு" என்று ஒருவர் கத்தினார்.

"மண்டியில எங்க வயித்துல அடிச்சதெல்லாம் இன்னைக்கு வெளிய வரட்டும்."

"வெரசா ஏத்து மாப்ள, கொழம்பு ஆறுது."

கோவிலே சிரித்தது. மண்டிக்காரரும் சிரித்தார். அப்பா ஏற்றினார், அவர் ஏற்றினார். அப்பா ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நானும் கையைத் தட்டினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கோவிலில் சத்தம் போட்டதற்குத்தான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் முந்தானை நுனியை வாயில் வைத்து அடைத்திருந்தாள்.

ஆட்டின் விலை தாண்டிப் போயிற்று. அப்பா இன்னும் ஒரு தடவை கேட்டார். அந்தப் பணம் அவரிடம் இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். கேட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் மண்டிக்காரர் அதற்கும் மேலே போனார். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னண்ணே, அம்புட்டுத்தானா?" என்றார் மண்டிக்காரர், கண்ணெல்லாம் சிரிப்பு.

"அம்புட்டுத்தாங்க" என்றார் அப்பா. அவரும் சிரித்தார்.

கோவில் தட்டிய கைத்தட்டலில் கோழி பயந்து அடங்கிப்போனது. மண்டிக்காரர் நேராக வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "எம் புள்ள பொழச்ச சந்தோசத்த இன்னைக்குத்தாண்ணே முழுசா அனுபவிச்சேன்" என்று சொல்லி அழுதார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம் அவர் அந்தப் பூண்டை என்ன செய்தார் என்றால், வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆண்டவருடைய பூண்டு, எல்லாரும் சாப்பிடட்டும் என்று அன்றைக்குக் கோவில் விருந்துக்கு, அசனச் சமையலுக்கே அனுப்பிவிட்டார். கோவிலுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்து உரித்தார்கள். யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா போய் உட்கார்ந்தாள். அவள் நட்டு, அவள் களையெடுத்த பூண்டு. அதை ஒவ்வொரு பல்லாகப் பிரித்து உரித்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா பல்லை மோந்து பார்த்துவிட்டு, "ஒங்க காட்டுப் பூண்டுக்கு வாசமே தனி மதினி" என்றாள்.

"ஆமா" என்றாள் அம்மா.

நான் அம்மாவின் முதுகுப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப் பூண்டு உரித்தால் விரல் நுனி எரியும். அவள் கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இலை போட்டதும் உபதேசியார், இன்றைக்கு ஸ்தோத்திர ஜெபம் அப்பாதான் பண்ண வேண்டும் என்றார். அப்பா எழுந்தார். மப்ளரை அவிழ்த்தார். அதைத் தோளில் போடாமல் கையில் சுருட்டினார், பிரித்தார், திரும்பச் சுருட்டினார். எல்லாரும் கண்ணை மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அப்புறம் மழைக்கு, மண்ணுக்கு, மண்டிக்காரர் பிள்ளையின் உயிருக்கு, உரித்த கைகளுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி செலுத்தினார். குழம்பு ரொம்ப ருசியாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

விதைக்கிற காலம் வந்தது, போனது. ஆட்டுப் பணத்துக்கு அந்த வருஷம் விதை கொடுக்க ஆள் இல்லை. பெரியகுளத்து ஆள் வந்து வரப்பில் நின்று பார்த்தார். "என்னப்பா, காடு சும்மா கெடக்கு" என்று மட்டும் சொன்னார்.

பெருமாள்மலைக்கு இறங்கினோம். மண்டிக்காரர் அப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, தன் மண்டியிலேயே மூட்டை தூக்கும் சோலி கொடுத்தார். "ஏண்ணே மலைய விட்டு எறங்கிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "புள்ள படிக்கணும்லங்க" என்றார் அப்பா. அந்தப் பிள்ளை அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசலைப் பார்க்கவில்லை. மண்டியில் பெண்களோடு உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்தேன். விரலாலேயே படித்தேன். அந்தப் படிப்பில் என்னை மிஞ்ச இன்றைக்கும் இந்த மலையில் ஆள் இல்லை. சொல்லத்தான் செய்வேன்.

கூலிக்காரர்கள் இருக்கிற லைன் வீட்டில் அம்மா இருமி இருமிப் போனாள். போகிற வரைக்கும் கலயத்தில் பிடி அரிசி போட்டாள். எனக்குக் கையில் நாலு காசு சேர்ந்து, அவளுக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கலாம் என்று இருந்தபோது அவள் இல்லை.

பெரியவளான பிறகு ஒரு தடவை அப்பாவிடம் கேட்டேன். "முதலாளிகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்பாருல்ல?"

"குடுத்திருப்பாரு. தங்கமான மனுசன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவரு புள்ளைக்காக நன்றி சொல்லிக்கிட்டிருந்தாரும்மா. அதுக்கு நடுவுல போயி நான் கைய நீட்டவா?"

அப்பா கடைசி நாள் வரைக்கும் சந்தோஷமாக இருந்தவர். மூட்டை தூக்கிய முதுகோடு பாடினார். அவர் செய்தது தப்பென்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை, சரியென்று சொல்லவும் எழவில்லை.

போன வாரம் மண்டிக்காரரைப் பார்க்கப் போனேன். எனக்கு லாரி வந்த பிறகு, "இனிமே முதலாளின்னு கூப்பிடாத, மாமான்னு கூப்பிடு" என்று அவரே சொல்லியிருந்தார். இப்போது படுத்த படுக்கை. பிழைத்த அந்தப் பையன் கோயம்புத்தூரில் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நேற்று நடந்தது அவருக்கு ஞாபகம் இல்லை, அந்த ஏலம் மட்டும் வரி வரியாக இருக்கிறது.

"ஒங்கப்பன் மாதிரி ஏலத்துல நின்ன ஆளு கெடையாது தாயி. என் வாழ்க்கையிலயே பெரிய சந்தோசம் அன்னைக்குத்தான். எதுக்கு அம்புட்டுத் தூரம் ஏத்துனாரு, ஒனக்குத் தெரியுமா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ஒங்கள ஏத்தி விடத்தான் மாமா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"நானும் அதத்தான் நெனச்சேன். வேற எதுவும் இருந்தா சொல்லியிருப்பாருல்ல." ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஒங்கம்மா அன்னைக்கு வந்திருந்தாளா? ஞாபகமே இல்ல."

"வந்திருந்தாங்க. பொம்பளைங்க பக்கம், தூண் ஓரமா பாயில இருந்தாங்க. அப்புறம் பின்னாடி போயி பூண்டு உரிச்சாங்க."

"ஒண்ணுமே சொல்லலையே அவ."

"யாரும் கேக்கல மாமா" என்றேன்.